தட்டிய இடத்தில் பழுது இல்லை: ஜியு-ஜிட்சுவில் தேங்கி நிற்பவர்களுக்கு ஒரு பழுதுபார்க்கும் வழி

என் தொழில் போட் எஞ்சின் திருத்துவது. மட்டக்களப்பில் கல்லடியில், வாவிப் பக்கமாக ஒரு சின்னக் கொட்டில். கடலுக்குப் போன இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டது என்று கொண்டுவருவார்கள். கொண்டுவருகிறவர் பிளக்கைக் காட்டுவார், காபரேட்டரைக் காட்டுவார், இதில்தான் பிழை என்று அடித்துச் சொல்வார். நான் பேசாமல் கலனைச் சரித்துப் பார்ப்பேன். பல நாள் மண்ணெண்ணெய்க்கு அடியில் தண்ணீர் கிடக்கும். எஞ்சின் நின்றது கடலில். பழுது ஏறியது கரையில், கலனை நிரப்பின நேரத்தில்.

பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவும், அடி உதை இல்லாமல் நிலத்தில் கட்டிப் புரண்டு மூட்டையோ கழுத்தையோ பூட்டித் தோற்கடிக்கிற அந்த மல்லும், இப்படித்தான். நான் அதைப் பழகியது அபுதாபியில், வேலைக்கு நின்ற காலத்தில். அங்கே 2008 முதல் பள்ளிக்கூடங்களிலேயே ஜியு-ஜிட்சு சொல்லிக் கொடுக்கிறார்கள். அதனால் கம்பனிக் காம்பில் படுத்தெழும்புகிற எனக்கும் எட்டிய தூரத்தில் ஒரு மேட், அதாவது பழகுகிற மெத்தை விரிப்பு, கிடைத்தது. பர்ப்பிள் பெல்ட்டோடு, வெள்ளையிலிருந்து மூன்றாம் படியில், ஊருக்கு வந்தேன். கறுப்பு பெல்ட் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். இப்போது ஒரு கராத்தே வகுப்பு நடக்கிற மண்டபத்தில், அவர்கள் போன பிறகு, பத்துப் பன்னிரண்டு பேர் பழகுகிறோம். வருடக்கணக்காக வருகிறவர்கள் என்னிடம் கொண்டுவருகிற குறைகள்தான் கீழே இருப்பவை. புதிதாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆனவர்களுக்கு இது தேவையில்லை. அவர்கள் சும்மா வந்தால் போதும்.

வாசிக்கும் முறை இதுதான்: நீங்கள் தட்டிய இடத்தில், அதாவது தோற்றுப்போனேன் என்று கையால் தட்டிக் காட்டிய இடத்தில், தேடாதீர்கள். அதற்கு இரண்டு மூன்று அடி, அதாவது அசைவு, முன்னால் போய்த் தேடுங்கள்.

இரண்டாம் நிமிடத்திலேயே மூச்சு முட்டுகிறது

இந்தக் குறையோடு வருகிறவர்கள் கையோடு மருந்தையும் கொண்டுவருவார்கள். "நாளையில இருந்து கல்லடிப் பாலத்துல ஓடப்போறன் அண்ணே." ஓடுங்கள், நல்லதுதான். ஆனால் பாலத்தின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்கு வாய் திறக்காமல் ஓடுகிறவரே மேட்டில் மூன்றாம் நிமிடம் மீன்போல வாயைப் பிளப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் முன்கையைப் பாருங்கள். ரோல், அதாவது கூட்டாளியோடு உருண்டு மோதிப் பழகும் சுற்று, முடிந்த உடனே மற்றக் கையால் அமத்திப் பாருங்கள். கல்லுப்போல இறுகி, விரலை மடக்கக்கூட ஏலாமல் இருந்தால் பழுது நுரையீரலில் இல்லை, பிடியில். நம் ஊர்க் கொம்புமுறி விளையாட்டில் வடசேரிக்காரரும் தென்சேரிக்காரரும் இழுப்பதுபோல, எதிராளியின் கி என்கிற பயிற்சிச் சட்டையின் காலரைப் பிடித்தபடி ஐந்து நிமிடமும் இழுத்துக்கொண்டே இருப்பீர்கள். அங்கே கொம்பு முறிந்தால் ஆட்டம் முடியும். இங்கே முதலில் முறிவது உங்கள் முன்கைதான். பிடித்தால் மூன்று எண்ணுவதற்குள் அந்தப் பிடியால் ஏதாவது செய்யுங்கள். செய்ய ஒன்றும் இல்லையா, விட்டுவிட்டு வேறு இடத்தில் பிடியுங்கள்.

பிடி சரியாக இருந்தால் அடுத்தது மூச்சை அடக்குவது. பாரம் மேலே விழுந்ததும் பெரும்பாலானவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், தாங்கள் பிடிப்பது தங்களுக்கே தெரியாது. ஒரு ரோல் முழுவதும் வாயை மூடி மூக்கால் மட்டும் மூச்சு விட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் வாய் திறந்ததோ அந்த இடத்தை நினைவில் வையுங்கள். சிலருக்கு மவுண்டில், அதாவது எதிராளி வயிற்றில் ஏறி உட்கார்ந்த நிலையில், மாட்டியபோது. சிலருக்கு, இது வேடிக்கை, தாங்கள் மேலே ஏறி வெல்லப் போகிற நேரத்தில். வாய் திறக்கிற அந்த நிலையைத்தான் அடுத்த இரண்டு மாதம் பழக வேண்டும்.

கச்சான் காற்றுக் காலத்தில் மட்டும் கதை வேறு. வைகாசி பிறந்தால் அந்த உலர்ந்த சூடு மண்டபத்துக்குள் வந்து குந்திக்கொள்ளும். அப்போது வருகிற களைப்பை உங்கள் திறமையின் குறையாக எடுக்காதீர்கள். நாங்கள் அந்த மாதங்களில் காலை ஐந்தரைக்கு மாறிவிடுவோம். தலை சுற்றினால், வாந்தி வருவதுபோல இருந்தால், கதை தடுமாறினால் நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, உடம்பை ஈரத்துணியால் குளிரப்பண்ண வேண்டும். தெளியவில்லை என்றால் ஆஸ்பத்திரி. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

சைட் கண்ட்ரோலில் மாட்டினால் மணி அடிக்கும்வரை அங்கேதான்

சைட் கண்ட்ரோல் என்றால் எதிராளி பக்கவாட்டிலிருந்து நெஞ்சால் அமத்தி நம் மேல் கிடப்பது. வவுணதீவுப் பக்கமிருந்து வருகிற ஒரு தம்பி இருக்கிறான். வயல்காரன். நெல் மூட்டை தூக்கிப் பழகின உடம்பு. முதல் வருடம் அவனை அசைக்க எங்களில் முக்கால்வாசிப் பேரால் முடியவில்லை, அதனால் அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பலம் இருக்கிறவர்களின் கெட்ட காலம் இது. முதல் வருடத்தில் பழுது வெளியே தெரியாது. இரண்டாம் வருடம் மற்றவர்கள் கொஞ்சம் விளங்கிக்கொண்ட பிறகு, ஒரே நாளில் எல்லாம் சேர்ந்து தெரியும்.

அவனுக்குத் தெரிந்தது ஆர்ம்பார் வடிவத்தில், முழங்கையை நீட்டி எதிர்ப்பக்கம் வளைக்கிற பூட்டில். வாரத்துக்கு நாலைந்து தரம் அதிலேயே தட்டினான். ஒரு நாள் வந்து கேட்டான்: "அண்ணே, ஆர்ம்பார்ல இருந்து தப்புற வழி ஒண்டு காட்டித் தாங்க."

காட்டியிருக்கலாம். பெருவிரல் பக்கமாக உருண்டு வெளியே வருகிற ஒரு வழி உண்டு, அரை மணித்தியாலத்தில் சொல்லிவிடலாம். ஆனால் நான் பின்னால் போய்ப் பார்த்தேன். ஏன் கை பிடிபட்டது? நீட்டியிருந்தான். ஏன் நீட்டினான்? மேலே கிடந்தவரின் நெஞ்சில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, மூட்டையைத் தூக்குவதுபோலத் தள்ளினான். ஏன் தள்ளினான்? இடையில் முட்டு ஒன்றும் இல்லை, பாரம் முழுவதும் நெஞ்சில். ஏன் முட்டு இல்லை? கார்டை, அதாவது கீழே கிடப்பவர் தடுத்து வைக்கிற கால்களை, தாண்டி எதிராளி பக்கவாட்டுக்கு வந்த அந்த நொடியில் இவனுடைய முழங்கை விலாவை விட்டு விலகியிருந்தது. ஆக, ஆர்ம்பாரின் பழுது ஆர்ம்பாருக்கு நாலு அடி முன்னால், ஒரு சாண் இடைவெளியில் கிடந்தது.

முட்டு என்று நான் சொல்வதை மேட்டில் பிரேம் என்பார்கள். உள்ளங்கையால் தள்ளுவது பிரேம் இல்லை. முன்கை எலும்பு ஒன்று எதிராளியின் கழுத்தோரம், தாடைக்குக் கீழே. மற்ற முன்கை அவருடைய இடுப்பு எலும்பில். இரண்டு முழங்கையும் மடங்கி உங்கள் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். குலை தள்ளின வாழைக்குக் கொடுக்கிற முட்டு வாழையைத் தள்ளுவதில்லை, அது பேசாமல் நிற்கும், பாரம் அதன் மேல் இறங்கும். பிரேமும் அதுதான் செய்கிறது. பாரம் எலும்பில் இறங்கினதும் இடுப்பைத் தூக்கி ஒரு பாலம், உடனே இடுப்பைப் பின்னுக்கு இழுத்து ஒரு ஹிப் எஸ்கேப், உண்டான இடைவெளியில் முழங்காலை நுழைத்தால் கார்ட் திரும்பிவிடும். நகர வேண்டியது நீங்கள், அவர் இல்லை. பலசாலிகளுக்கு இது உள்ளே போக வருடம் எடுக்கும், ஏனென்றால் அவர்கள் வாழ்க்கை முழுக்க மற்றதைத்தான் நகர்த்தியிருக்கிறார்கள்.

பழகும் முறை: மூன்று நிமிட ரவுண்ட், சைட் கண்ட்ரோலுக்குக் கீழே இருந்தபடி தொடங்குங்கள். முதல் மாதம் தப்பவே வேண்டாம். எதிராளியின் முன்கை உங்கள் முகத்தைக் குறுக்கே தள்ளிக் கழுத்தைத் திருப்ப விடாமல் பார்த்துக்கொள்வதும், அவர் பக்கத்து முழங்கையை உள்ளே வைத்திருப்பதும் மட்டும் வேலை. தலை மறுபக்கம் திரும்பிவிட்டால் இடுப்பு எதிராளியின் பக்கம் திரும்பாது, அதனால்தான் முகத்தை முதலில் காக்கச் சொல்கிறேன். இரண்டாம் மாதம் முழங்கால் உள்ளே போன தடவைகளை எண்ணுங்கள். வேறு எதையும் எண்ணாதீர்கள், தட்டினதைக்கூட.

அந்தத் தம்பிக்கு இது சரிவர நாலு மாதம் எடுத்தது. ஆர்ம்பாரைப் பற்றி ஒரு சொல்லும் நாங்கள் கதைக்கவில்லை.

பிடி கிடைக்கிறது, முடிக்க முடியவில்லை

ஆர்ம்பார் எடுத்தேன், கை நழுவிவிட்டது. கால்களால் கழுத்தை நெரிக்கிற டிரையாங்கிள் பூட்டினேன், தலையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். இதற்கு எல்லாரும் இன்னும் இறுக்குவதுதான் மருந்து என்று நினைக்கிறார்கள்.

ஆர்ம்பாரை மட்டும் எடுத்துப் பார்ப்போம். கடைசி அடியில் பார்க்க வேண்டியவை நாலு: முழங்கால்கள் இரண்டும் நெருங்கி இருக்கிறதா, உங்கள் இடுப்பு அவருடைய தோளோடு ஒட்டி இருக்கிறதா, அவருடைய பெருவிரல் மேலே பார்க்கிறதா, மணிக்கட்டு உங்கள் நெஞ்சில் இருக்கிறதா. இந்த நாலும் சரியாக இருந்தும் நழுவினால் பழுது முன்னால். பெரும்பாலும் நீங்கள் காலைத் தலைக்கு மேலால் போட்ட நேரத்தில் அவருடைய முழங்கை இன்னும் அவர் விலாவோடு ஒட்டியிருந்திருக்கும். முழங்கையை உடம்பிலிருந்து பிரிக்காமல் கால் போட்டால், நீங்கள் விழுகிற வேகத்தில் அவர் எழும்பி உங்கள் கார்டுக்குள் வந்துவிடுவார்.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. நிலையைப் பிடிக்காமலே பூட்டுக்குப் பாய்வது. போட்டியில் புள்ளி கொடுக்கிற முறையைப் பாருங்கள்: கீழே விழுத்தினால் 2, கீழிருந்து புரட்டி மேலே வந்தால், அதாவது ஸ்வீப்புக்கு, 2, கார்டைத் தாண்டினால் 3, மவுண்டுக்கும் முதுகைப் பிடித்ததற்கும் 4. இதை நான் விதியாகப் பார்ப்பதில்லை, வரைபடமாகப் பார்க்கிறேன். எந்த இடத்தில் எதிராளிக்கு வழி குறைவு என்று அது சொல்லித் தருகிறது. மவுண்டில் ஏறி முப்பது விநாடி விழாமல் இருக்க ஏலாதவர் அங்கிருந்து ஆர்ம்பார் பழகுவது, பத்தாயம் ஓட்டையாக இருக்க நெல்லைக் கொட்டுவது மாதிரி.

டிரில்லில் வருவது ரோலில் வருவதில்லை

கைத்தொலைபேசி வந்த பிறகு பெருகின வியாதி. சனிக்கிழமை யூடியூபில் ஒன்று, திங்கள் இன்னொன்று. "அண்ணே, இது நேற்றுப் பார்த்த ஸ்வீப்" என்று செய்துகாட்டுவார்கள், அழகாக இருக்கும், ஏனென்றால் கூட்டாளி விழுந்துகொடுக்கிறார்.

இங்கே பழுது எண்ணிக்கையில் பாதி, எதிர்ப்பின் அளவில் பாதி. ஒத்துழைக்கிற ஆளுக்கும் முழுப் பலத்தோடு எதிர்க்கிற ஆளுக்கும் இடையில் ஒரு ஏணி வேண்டும். நாங்கள் செய்வது: ஒரு ஸ்வீப்பை எடுத்தால் ஆறு கிழமை அதுதான். முதல் கிழமை கூட்டாளி சும்மா இருப்பார். அடுத்து, கையை மட்டும் விலக்குவார். பிறகு காலையும் நகர்த்துவார், ஆனால் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு. நாலாம் கிழமை சொல்ல மாட்டார். கடைசி இரண்டு கிழமை அந்த நிலையிலிருந்தே ரோல், யாராவது நிலையை மாற்றினதும் மறுபடி அங்கேயே தொடக்கம். ரோலில் முதல்முதல் அது வேலை செய்வது உங்களைவிடப் புதிய ஆளிடம். அதை வெட்கப்படாமல் கணக்கில் சேருங்கள். சமமான ஆளிடம் வர இன்னும் சில மாதம் பிடிக்கும்.

பலூன் ஊதுகிற கடை மாதிரி வகுப்புக்கு ஒரு புதுச் சாமான் காட்டுகிற ஆசிரியர்களும் இதற்குப் பொறுப்புத்தான். நானும் முதல் வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஆட்கள் சலித்துவிடுவார்கள் என்ற பயம். ஆனால் சலித்து யாரும் போகவில்லை, பஸ் கிடைக்காமல்தான் போனார்கள்.

முன்பு தட்ட வைத்தவர்களை இப்போது தட்ட வைக்க முடியவில்லை

பின்னுக்குப் போகிறேன் என்று முகம் வாடி வருவார்கள். உண்மையில் பழுதே இல்லாமல் இருக்கலாம். கூட வந்தவர்களும் அதே மேட்டில்தான் பழகுகிறார்கள், உங்களைப் போலவே அவர்களும் ஏறுகிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் ஓடுகிற பஸ்ஸைப் பார்த்தால் நாம் நிற்பதுபோலத்தான் தெரியும். சோதித்துப் பார்க்க வழி: புதிதாக வந்த ஒருவரோடு உருளுங்கள். ஆறு மாதத்துக்கு முன் புது ஆளோடு எவ்வளவு வேர்த்தீர்கள், இன்று எவ்வளவு? அதில் விடை இருக்கும்.

ஆனால் எங்களைப் போன்ற சின்னக் கூட்டத்தில் வேறொரு பழுது உண்மையாகவே உண்டு. பத்துப் பேருக்குள்ளேயே சுற்றுகிறோம். காத்தான்குடியிலிருந்து வருகிற நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவருக்கு என்னுடைய ஹாஃப் கார்ட் ஆட்டம், எதிராளியின் ஒரு காலை மட்டும் என் கால்களுக்குள் பூட்டி ஆடுவது, முழுவதும் மனப்பாடம். நான் அண்டர்ஹுக்குக்கு, அதாவது அவர் அக்குளுக்குள்ளால், கை கொண்டுபோகும் முன்னரே அவருடைய முழங்கை அங்கே வந்து நிற்கும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, உங்களுக்கே விலங்கு போட்டுக்கொள்வது: இந்த மாதம் வலப்பக்கத்தால் மட்டும் கார்டைத் தாண்டுவது, அடுத்த மாதம் எல்லா ரவுண்டும் முதுகைக் கொடுத்தே தொடக்கம். மற்றது, வெளி ஆட்கள். ஜூடோ, மல்யுத்தம் பழகின யாராவது ஊருக்கு லீவில் வந்தால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் முன்பின் தெரியாதவர்களோடு உருண்டுவிட்டு வாருங்கள். இரண்டு நாளில் தட்டிய இடங்களை எழுதிக்கொண்டு வந்தால் ஆறு மாதத்துக்கு வேலை இருக்கும்.

என்னைவிட இருபது கிலோ கூடினவரிடம் ஒன்றும் எடுபடவில்லை

எடுபடாதுதான். சின்ன ஆள் பெரிய ஆளைச் சுலபமாக வெல்லலாம் என்று விளம்பரம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. 1993 இல் வெவ்வேறு சண்டைக் கலைகள் மோதின முதலாவது யூஎஃப்சி போட்டியில் ஜியு-ஜிட்சுக்காரர் ரோய்ஸ் கிரேசி தன்னைவிடப் பெரியவர்களைத் தோற்கடித்தார், உண்மை. ஆனால் எதிரே நின்றவர்களுக்கு ஜியு-ஜிட்சு அவ்வளவாகத் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்தால் பாரம் பாரம்தான். பாரம் குறைந்தவர்கள் தட்டையாக முதுகில் கிடக்காமல் இருப்பதைப் பழகுங்கள், எப்போதும் ஒருக்களித்து. பெரியவருக்கு முன்னால் நின்று மல்லுக்கட்டாமல் முதுகுப் பக்கம் போகிற வழிகளில் காலத்தைச் செலவழியுங்கள். முதுகில் ஏறிவிட்டால் அவருடைய பாரம் உங்கள் மேல் இல்லை.

மூன்று மாதம் வருகிறேன், மூன்று மாதம் காணாமல் போகிறேன்

நீண்டகாலத் தேக்கத்துக்கு நான் பார்த்த பெரிய காரணம் இதுதான், இதைத் தனி மனிதரின் சோம்பல் என்று சொல்வது நியாயம் இல்லை. எங்கள் பக்கத்து வருடத்தை எடுத்துப் பாருங்கள். ஐப்பசியில் விதைப்பு, வாவிக்கு அப்பால் படுவான்கரை ஆட்கள் வரமாட்டார்கள். கார்த்திகை, மார்கழியில் மழை, வாவி பெருகினால் சில நாள் வீதியே இல்லை. தை, மாசியில் பெரும்போக அறுவடை. வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு. ஆவணியில் சிறுபோக அறுவடை. இதற்கு நடுவில் நோன்பு, பரீட்சை, டியூசன். முழு வகுப்பும் ஒன்றாக மேட்டில் நிற்கிற மாதம் வருடத்தில் இரண்டோ மூன்றோதான்.

நான் முதலில் கண்டிப்பாக இருந்து பார்த்தேன். வராதவருக்குப் பேச்சு. பேச்சு வாங்கினவர் அடுத்த தடவை வரவே இல்லை. பிறகு வருடத்தை இருக்கிறபடி எடுத்துக்கொண்டோம். மழை மாதங்களில் புதிதாக ஒன்றும் தொடங்குவதில்லை, பழையதைத்தான் திரும்ப உருட்டுகிறோம், அதனால் இரண்டு கிழமை தவறினவரும் வந்து சேர்ந்துகொள்ளலாம். நோன்பு மாதத்தில் ஒரு வகுப்பைத் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்த பிறகு வைக்கிறோம், மெதுவான ரோல் மட்டும். அறுவடைக்காரர்களுக்கு வீட்டில் பாயில் செய்ய மூன்று அசைவு: பாலம், ஹிப் எஸ்கேப், கையூன்றி ஒரு காலை மடக்கி எழும்புவது. ஒவ்வொரு பக்கமும் இருபது. பத்து நிமிடம்கூடப் போகாது. திரும்பி வருகிறபோது இடுப்பு மறந்திருக்காது.

கிழமைக்கு இரண்டு நாள், மூன்று வருடம் வந்தவரையும், கிழமைக்கு ஆறு நாள் ஐந்து மாதம் வந்து முழங்கால் வீங்கி நின்றுபோனவரையும் நான் ஒரே மேட்டில் பார்த்தவன். இரண்டாமவர் என்னைவிடத் திறமைசாலி.

திரும்பி வருகிற முதல் கிழமையில் மட்டும் கவனம். மூளைக்கு எல்லாம் நினைவு இருக்கும், கழுத்துக்கும் விரலுக்கும் இருக்காது. அந்தக் கிழமை பாதி ரவுண்ட் போதும்.

உடம்பு திரும்பத் திரும்பப் பழுதாகிறது

விரல் மூட்டு வீங்கினால் மறுபடி பிடிதான், மேலே முதல் குறையைப் பாருங்கள். முழங்கை, தோள் என்றால் நேரம் பிந்தித் தட்டுகிறீர்கள். கையைப் பின்னால் முறுக்கித் தோளைத் திருகுகிற கிமுரா என்கிற பூட்டின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? 1951 இல் ரியோவில் ஜப்பானிய ஜூடோக்காரர் மசாஹிகோ கிமுரா, பிரேசிலின் ஜியு-ஜிட்சு ஆசான் எலியோ கிரேசியின் கையை அந்தப் பூட்டில் முறித்தார். எலியோ தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் கடைசியில் துண்டை எறிந்து நிறுத்தினார். பூட்டு, தோற்கடித்தவரின் பெயரைச் சுமந்துகொண்டது. பெரிய கதை, கேட்க நன்றாக இருக்கும். ஆனால் திங்கட்கிழமை காலையில் கரைக்கு வலை இழுக்கப் போக வேண்டியவர் அந்தக் கதையை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். வலிக்கும் முன் தட்டுங்கள். வலித்த பிறகு தட்டினால் மூட்டுக்குப் பிந்திவிடும். முழங்காலைத் திருகும் பூட்டுகளில் வலி வருவதற்கு முன்னரே சவ்வு போய்விடலாம், அதனால் அவற்றை நான் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே இல்லை. முழங்காலில் 'டக்' என்று சத்தம் கேட்டு வீங்கினால் எண்ணெய் தேய்ப்பவரிடம் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

இனித் தோல். வட்ட வட்டமாய்ச் சிவந்து, ஓரம் தடித்து, நடு வெளுத்து அரிக்கிறதா? படர்தாமரை. எங்கள் புழுக்கத்தில் இது ஒருவரிலிருந்து பத்துப் பேருக்குப் போக ஒரு கிழமை போதும். ஒருமுறை எங்கள் வகுப்பில் நாலு பேருக்கு வந்தது. விசாரித்துப் பார்த்தால் ஒருவர் மழைக்காலத்தில் காயாத கி சட்டையையே மடித்துப் பையில் வைத்து, மறுநாள் அதையே போட்டு வந்திருக்கிறார். கடையில் சும்மா கேட்டு வாங்குகிற கலப்புக் களிம்பு சிலவற்றில் ஸ்டெரோயிட் இருக்கும், அரிப்பு அடங்கும், பூஞ்சணம் பரவும். டாக்டரிடம் காட்டி, அவர் சொல்லும்வரை மேட்டில் ஏறாதீர்கள். மேட்டை ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் பிளீச் கலந்த தண்ணீரால் துடைத்துக் காயவிடுவோம். மாரிக்கு இரண்டாவது சட்டை ஒன்று கட்டாயம், பழைய ஜூடோச் சட்டையாக இருந்தாலும் சரி.

பெல்ட் வரவில்லை

இது பழுது இல்லை, நாட்காட்டி. நீலம் வர இரண்டு வருடம் என்பது சாதாரணம். கறுப்புக்குப் பத்து வருடம் அளவில். சர்வதேச ஜியு-ஜிட்சுச் சம்மேளனத்தின் விதிப்படி நீலத்தில் குறைந்தது இரண்டு வருடம், பர்ப்பிளில் ஒன்றரை, பிரவுனில் ஒன்று. கறுப்பு பெல்ட்டுக்குக் குறைந்த வயது 19. இங்கே தருவதற்குக் கறுப்பு பெல்ட்காரர் பக்கத்தில் இல்லாததால் இன்னும் பிந்தும். பிந்தட்டும்.

மேலே உள்ள ஒன்றும் பொருந்தவில்லை

அப்படியென்றால் கைத்தொலைபேசியை ஒரு கதிரையில் சாத்தி வைத்து ஐந்து நிமிட ரோலைப் படமெடுங்கள். முழுவதும் பார்க்க வேண்டாம். தட்டின இடத்துக்குப் போய், அங்கிருந்து பின்னால் இழுங்கள். எதிராளி ஒரு நல்ல நிலையை எடுத்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்கும் பத்து விநாடி முன்னால் போங்கள். உங்கள் கை எங்கே, முழங்கை எங்கே, தலை எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்தப் பிடியை விட்டீர்கள். ஒரு வரி எழுதுங்கள், அவ்வளவுதான்.

போன மாசி அறுவடை முடிந்து வவுணதீவுத் தம்பி திரும்பி வந்தான். வந்த முதல் நாளே முதுகைப் பறிகொடுத்து மூன்று தரம் தட்டினான். மண்டபத்துப் படியில் இருந்து படத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டே போனோம். முதுகு போன இடம், அதற்கு முன் அவன் குப்புறத் திரும்பின இடம், அதற்கும் முன். ஹாஃப் கார்டில் கிடக்கிறான், எல்லாம் சரியாக இருக்கிறது, முழங்கையும் உள்ளே. அப்போது அவனுடைய இடது கை மெல்ல எழும்பி மேட்டில் ஊன்றுகிறது. யாரும் தள்ளவில்லை, ஒன்றும் நடக்கவில்லை, சும்மா ஊன்றுகிறது. அக்குள் திறக்கிறது. நானாவின் கை அதற்குள்ளால் போகிறது.

"இத நான் செய்யிறதே எனக்குத் தெரியாது அண்ணே."

மறுபடி ஓட்டிக் காட்டினேன். மூன்று ரோலிலும் அதே கை, அதே ஊன்றல். வயல் வரம்பில் குந்தி எழும்பும்போது ஊன்றுகிற கை என்று அவனே கண்டுபிடித்தான். அடுத்த புதன்கிழமை ஹாஃப் கார்டில், இடது உள்ளங்கையைச் சொந்தக் காலரைப் பிடித்தபடி வைத்துக்கொண்டு தொடங்கினோம்.